வெட்டியது தெரியாத முடி

பொம்மைக் கம்பெனியில் கோமளா வெட்டி முடித்த குதிரைகளுக்கு ஓர் ஐப்பசிப் புதன்கிழமை காலையில் முடி வளர்ந்திருந்தது. அதை முதலில் பார்த்த லைன் சூப்பர்வைசர் ஹேமாவதி ஆச்சரியப்படவில்லை, கோபப்பட்டாள். முந்தின நாள் சாயங்காலம் எண்ணி, சரிபார்த்து, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போன எழுபத்திரண்டு குதிரைகளும் தட்டில் வைத்தது வைத்தபடியே வரிசையாக நின்றன. ஆனால் ஒவ்வொன்றின் பிடரியும் ஒரு விரற்கடை நீண்டு கழுத்தைத் தாண்டிச் சரிந்திருந்தது, நெற்றி முடி கண்ணை மூடியிருந்தது, வால் தட்டின் அடிவரைக்கும் வந்து மடங்கிக் கிடந்தது.

“இன்னா கோமளா, நேத்து தூங்கிகினே வெட்டினியா?”

“இல்ல மேடம்.”

“அப்ப இது இன்னா?”

கோமளா ஒரு குதிரையை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். “வளந்திருக்குது மேடம்” என்றாள், பால் பொங்கிவிட்டது என்று சொல்வதைப் போல.

“வளந்திருந்தா திரும்ப வெட்டு. பத்து மணிக்குள்ள பேக்கிங்குக்குப் போவணும்.”

கோமளா உட்கார்ந்து எழுபத்திரண்டையும் திரும்ப வெட்டினாள். வியாழக்கிழமை அடுத்த தட்டிலும் வளர்ந்திருந்தது. வெள்ளிக்கிழமை ஹேமாவதி அன்றைய தட்டை இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியைத் தன் தாலிச்சரட்டில் கோத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். சனிக்கிழமை காலையில் பீரோவைத் திறந்தபோது, பள்ளிக்கூடம் விட்டதும் வாசலில் நெருக்கியடிக்கும் பிள்ளைகளைப் போல எழுபத்திரண்டு பிடரிகளும் முன்னால் சரிந்து விழுந்தன.

அந்தக் கம்பெனி சிப்காட்டின் கடைசித் தெருவில் இருந்தது. மெத்தென்ற பிளாஸ்டிக் தலையிலும் கழுத்திலும் மெஷின் நைலான் இழையைக் கொத்துக் கொத்தாகத் தைத்து அனுப்பும். வரும்போது அது குதிரை முடியாக இருக்காது, துடைப்பமாக இருக்கும். அதை வெந்நீரில் முக்கியெடுத்து, நுனியில் தொடங்கி மேல்நோக்கிச் சிக்கெடுத்து, இரண்டு விரல்களுக்கு நடுவில் பிடித்து, கத்தரியைப் படுக்கப் போடாமல் நிமிர்த்தி நிறுத்தி, நுனியைக் கொத்திக் கொத்தி வெட்ட வேண்டும். பிறகு சீப்பைப் போலப் பல்லுள்ள கத்தரியால் உள்பக்கத்துக் கனத்தைக் குறைக்க வேண்டும். மேஜைக்கு எதிரே சுவரில் ஏதோ ஒரு வெளிநாட்டுப் புல்வெளியில் காற்றில் தலையைச் சிலுப்பிக்கொண்டு நிற்கும் நிஜக் குதிரையின் படம் ஒட்டியிருந்தது. அங்கே வேலை செய்த பெண்கள் யாரும் அப்படியொரு குதிரையைப் பார்த்ததில்லை, அவர்கள் பார்த்ததெல்லாம் மாப்பிள்ளை ஊர்வலத்தில் ஜெனரேட்டர் வண்டிக்கு முன்னால் மிரண்டபடி வரும், பிடரி கத்தரிக்கப்பட்ட, விலா தெரியும் குதிரையைத்தான். அதனால் ஹேமாவதி புதிதாக வருகிறவர்களிடம் படத்தைக் காட்டி ஒன்றே ஒன்றைத்தான் சொல்லிக்கொடுப்பாள்: “வெட்டணும். ஆனா வெட்டினது தெரியக்கூடாது.”

வெட்டியது தெரியாமல் வெட்டுவதில் கோமளாவை மிஞ்ச அந்தக் கம்பெனியில் ஆள் இல்லை. வெட்டி முடித்ததும் குதிரையின் நெற்றியில் ஒருமுறை ஊதுவாள். முடி கலைந்து தானாக எங்கே போய் விழுகிறதோ அங்கே இன்னும் இரண்டே கொத்து கொத்துவாள், அவ்வளவுதான். ஒன்பது வருஷத்தில் அவள் தட்டிலிருந்து ஒரு குதிரை ரிஜெக்ட் ஆனதில்லை.

அந்தக் கைதான் ஆனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் அந்தக் காரியத்தைச் செய்தது. கோமளாவின் மகள் கவிஸ்ரீக்கு அப்போது ஏழாவது மாதம். தலை கொள்ளாத முடியோடு பிறந்த குழந்தை. முதல் முடி குலசாமிக்கு நேர்ந்த முடி, பதினோராம் மாதம் ஐப்பசியில் கோயிலுக்குக் கொண்டுபோய்த் தாய்மாமன் மடியில் உட்காரவைத்து எடுக்க வேண்டியது, அதுவரைக்கும் கத்தரி படக்கூடாது என்பது கோமளாவுக்கும் தெரியும், அவள் புருஷன் லோகநாதனுக்கும் தெரியும், குளிப்பாட்டி விடுகிற பக்கத்து வீட்டு நவநீதத்துக்கும் தெரியும். ஆனால் நெற்றி முடி குழந்தையின் கண்ணில் விழுந்துகொண்டே இருந்தது. குழந்தை கண்ணைக் கசக்கிக்கொண்டே இருந்தது. எண்ணெய் வைத்துச் சீவினாலும் விழுந்தது, கிளிப் போட்டால் பிடுங்கி வாயில் வைத்தது. அன்றைக்கு லோகநாதன் வெளியே போயிருந்தான். கம்பெனியின் பல் கத்தரி தவறுதலாகக் கைப்பையோடு வீட்டுக்கு வந்திருந்தது. கோமளா குழந்தையின் நெற்றி முடியை இரண்டு விரலுக்கு நடுவில் பிடித்து, கத்தரியை நிமிர்த்தி, நாலே நாலு கொத்து கொத்தி, ஒருமுறை ஊதினாள். குழந்தை சிரித்தது. சாயங்காலம் லோகநாதன் வந்து குழந்தையைத் தூக்கினான், மறுநாள் நவநீதம் தலைக்கு ஊற்றினாள், இரண்டு பேருக்கும் எதுவும் தெரியவில்லை. பத்தாம் நாள் காய்ச்சல் வந்தது, பதின்மூன்றாம் நாள் குழந்தை இல்லை.

அதற்குப் பிறகு கோமளாவுக்கு எதுவும் பெரிதாக உறைக்கவில்லை. சோறு வாய்க்குள் போனது, உப்பு இருக்கிறதா என்று தெரியவில்லை. பேசுகிறவர்கள் வேன் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று பேசுவதைப் போலிருந்தது. ஆவணியில் வேலைக்குத் திரும்பியபோது கத்தரி விரலைக் கிழித்து, குதிரையின் வெள்ளைப் பிடரி சிவந்து, எதிரில் இருந்தவள் கத்திய பிறகுதான் அவள் குனிந்து பார்த்தாள்.

லோகநாதன் அவளைத் திட்டவில்லை, அடிக்கவில்லை. ரைஸ் மில்லில் மூட்டை தைத்துவிட்டு வந்து கால் கழுவி உட்கார்ந்ததும் தினமும் ஒரு கேள்வி கேட்டான், அவ்வளவுதான். “அன்னிக்கு ஃபேன் எதிர்லயா படுக்க வச்சிருந்த?” என்பான். இன்னொரு நாள், “அந்தப் பால் பாட்டில் புதுசுதான?” என்பான். “மழத்தண்ணி பட்ட துணிய சுத்தினியோ?” என்பான். குற்றம் சாட்டுகிற குரல் இல்லை அது, தொலைந்துபோன சாவியைத் தேடுகிறவன் ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து பார்ப்பதைப் போன்ற குரல். கோமளா ஒவ்வொன்றுக்கும் இல்லை என்று உண்மையையே சொன்னாள். அவன் தேடுவது தன்னிடம்தான் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். அதை எடுத்து அவன் கையில் கொடுத்துவிட்டால் அதன் பிறகு அவன் அந்த வீட்டில் இருக்க மாட்டான் என்பதும் தெரியும். இவ்வளவும் தெரிந்திருந்தும் பயம் மட்டும் வரவில்லை. பயம் வர வேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லாமல் கிடந்தது.

இப்படிப்பட்ட நாட்களில்தான் குதிரைகளுக்கு முடி வளர்ந்தது.

மேனேஜர் ஒருநாள் இறங்கி வந்து பார்த்தார். ஒரு குதிரையின் வாலை இழுத்துப் பார்த்தார், முகர்ந்தார், கொளுத்திப் பார்க்கச் சொன்னார். நைலான் வாசனைதான் வந்தது. “நம்ம நைலான்தான். வளர்றது நல்லதுதானே, ஏன் அழறீங்க?” என்றார், யாரும் அழாதபோதே. வெட்டி விழுகிற முடியைக் குப்பையில் போடாமல் தைக்கிற மெஷினுக்கே திருப்பி அனுப்பும்படி ஏற்பாடானது. அதற்கென்று நீல நிறத்தில் ஒரு பாரம் அச்சடித்து வந்தது. அதில் தேதி, தட்டு எண், வளர்ச்சி என்று மூன்று கட்டங்கள் இருந்தன. ஹேமாவதி காலையில் ஸ்கேலோடு வந்து அளந்து எழுதுவாள். சில நாட்களில் பெண்கள் கோமளாவின் மேஜைக்கு சலூன் என்று பெயர் வைத்துவிட்டார்கள். செவ்வாய்க்கிழமை வந்தால், “இன்னிக்கு சலூன் லீவுடி” என்று யாராவது சொல்வார்கள், மற்றவர்கள் சிரிப்பார்கள், சிரிப்பு எங்கேயிருந்து வருகிறது என்று தேடுவதைப் போலக் கோமளா தலையைத் தூக்கிப் பார்ப்பாள்.

செய்தி கம்பெனி வேனில் ஏறி கோமளா குடியிருந்த லைன் வீடுகளுக்கு வந்து சேர்ந்தபோது அங்கேயும் யாரும் வாயைப் பிளக்கவில்லை. அந்த முடி எதற்கு ஆகும் என்றுதான் பார்த்தார்கள். சடை போதாத பெண்கள் சவுரி கட்டக் கேட்டார்கள். தண்ணி லாரி ஓட்டுகிற வேலாயுதம் வழுக்கைத் தலையைக் குனிந்து காட்டி, “தங்கச்சி, சும்மா ரெண்டு வாட்டி அந்தக் கத்தரிய வச்சு எடும்மா, வந்தா வருது, வராட்டிப் போவுது” என்று மன்றாடினான். அவன் பெண்டாட்டி பின்னாலிருந்து, “முடி வந்து யாருக்கு மாப்பிள்ளையாப் போற?” என்றாள். ஆரணிப் பக்கமிருந்து வந்த கூத்துக்காரர் ஒருவர் முனிவர் வேஷத்துக்கு ஒரு தாடி கட்டிக்கொண்டு போனார். ஆட்டம் தொடங்கும்போது கழுத்தளவு இருந்த தாடி விடிவதற்குள் தொப்புளைத் தொட்டதாகவும், முனிவர் அவ்வளவு காலம் தவம் செய்தார் என்று ஜனங்கள் எடுத்துக்கொண்டதாகவும், முன்னைவிட அதிகமாகச் சில்லறை விழுந்ததாகவும் திரும்பி வந்து சொன்னார்.

கார்த்திகை பிறந்ததும் காரியம் கெட்டது. வெட்டிய முடியைத் திருப்பித் தைத்த குதிரைகளுக்கும் முடி வளர்ந்தது. அவை கோமளாவின் மேஜையில் மட்டும் இல்லை, எல்லா மேஜையிலும் இருந்தன. கப்பலுக்குப் போக வேண்டிய அட்டைப்பெட்டிகள் கோடவுனில் அடுக்கியிருந்தபடியே மூடி திறந்துகொண்டன. பெட்டியின் பிளாஸ்டிக் ஜன்னலைத் தள்ளிக்கொண்டு முடி வெளியே வந்து அடுத்த பெட்டியின் முடியோடு பின்னிக்கொண்டது. ஒன்றைத் தூக்கினால் பத்து சேர்ந்து வந்தன. இருபதாம் தேதி கன்டெய்னர். பெண்கள் ஞாயிற்றுக்கிழமையும் விடாமல் இரண்டு ஷிப்ட்டாக வெட்டினார்கள். மேனேஜர் இப்போது இறங்கி வந்து, “நிறுத்துங்க” என்றார். எதை நிறுத்துவது என்று யாரும் கேட்கவில்லை, எல்லோரும் கோமளாவைப் பார்த்தார்கள்.

ஹேமாவதி அவளைத் தனியாகக் கூப்பிட்டாள். “கோமளா, தப்பா எடுத்துக்காத. உன் கையிலேந்து தொடங்குச்சு. உனக்கு எதாவது தோணுதா?”

“இல்ல மேடம்.”

“கோயில், கொளம், எதாவது பாக்கி இருக்கா?”

கோமளா கத்தரியை எடுத்துக்கொண்டு மேஜைக்குப் போனாள். ஆனால் அந்தக் கேள்வி வேன் ஏறி அவளுக்கு முன்னாலேயே வீட்டுக்குப் போய்விட்டது. அன்று சாயங்காலம் நவநீதம் முறத்தோடு வந்து வாசல்படியில் உட்கார்ந்து, மொச்சை உரித்துக்கொண்டே, லோகநாதனும் கேட்கும்படியாகச் சொன்னாள்:

“ஐப்பசியில எடுக்கறதா நேந்த முடி. ஐப்பசியில வளர ஆரம்பிச்சிருக்குது. இதுல யோசிக்க இன்னா இருக்குது? நேந்தத குடுக்காம மண்ணுல வச்சிட்டோம். சாமி கேக்குது. அதுக்குக் கோவம் ஒண்ணும் இல்ல, அது கேக்கற மொறயில கேக்குது.”

“குழந்த இல்லாம எப்பிடி முடி எடுக்கறது?” என்றான் லோகநாதன்.

“குதிரைக்கு எடுக்கறது. முடி எங்க வளருதோ அங்கதான எடுக்கணும்? உன் மச்சானுக்கு போன் போடு.”

அவ்வளவு எளிதாக அது முடிவானது. எந்தக் குதிரை என்பதைக் கம்பெனி முடிவு செய்தது. அந்த முதல் எழுபத்திரண்டில் இன்னும் அனுப்பாமல் சாம்பிளுக்கென்று வைத்திருந்த ஒரு பழுப்புக் குதிரையை ஹேமாவதி மெல்லிய காகிதத்தில் சுற்றிக் கொடுத்தாள். மேனேஜர் அரை நாள் லீவு கொடுத்தார், பிறகு யோசித்து முழு நாளாக மாற்றினார். நவநீதம் சந்தனம் உரைத்து டப்பாவில் போட்டுக் கொடுத்தாள்.

போவதற்கு முந்தின நாள் லோகநாதன் கால் கழுவி உட்கார்ந்து, வழக்கமான கேள்வியைக் கேட்கவில்லை. “இதோட செரியாப் போயிடும்ல?” என்றான். முதல் தடவையாக அவன் குரலில் தேடல் நின்று, எதையோ கண்டுபிடித்துவிட்டவனின் அயர்வு தெரிந்தது. நேர்ந்ததைக் கொடுக்காமல் விட்டதால் முடி வளர்கிறது, கொடுத்தால் நின்றுவிடும் என்பது அவன் கணக்கு. கோமளாவுக்கு அந்தக் கணக்கில் ஒரு எண் குறைகிறது என்று தெரியும். கத்தரி பட்ட முடியைப் படாத முடி என்று சாமி முன்னால் வைத்தால் அது கொடுத்ததாகுமா? சொன்னால் அவன் போய்விடுவான். சொல்லாவிட்டால் குழந்தைக்குச் செய்கிற ஒரே காரியமும் பொய்யாகப் போகும். இரண்டையும் எதிரெதிராக வைத்துப் பார்த்தாள், இரண்டும் ஒரே கனமாக இருந்தன. அவள் பாயை விரித்தாள்.

தணிகாசலம் முதல் பஸ்ஸில் வந்து இறங்கினான். கோமளாவின் அண்ணன், லாரிகளுக்குத் தார்ப்பாய் தைக்கிறவன், வார்த்தைகளை யோசித்துப் பேசத் தெரியாதவன். கையில் ஒரு துணிக்கடைப் பை இருந்தது.

“தாய்மாமன் வெறுங்கையோட வரக்கூடாதுன்னாங்க. கடைக்குப் போய் நின்னேன், குதிரைக்கு இன்னா டிரஸ் எடுக்கறதுன்னு தெரியல. கடைக்காரப் பொண்ணு இன்னா சைஸ்னு கேக்குது. துண்டு எடுத்துட்டேன். துண்டு செரிதான மாப்ள?”

“செரிதான் மச்சான்” என்றான் லோகநாதன். “துண்டு யாருக்கும் ஆவும்.”

குலசாமி கோயில் மலைக்கு அந்தப் பக்கம், கம்பு வயல்களுக்கு நடுவில் இருந்தது. வாசலில் ஆள் உயரத்துக்குச் சிமெண்ட் குதிரைகள் நின்றன; அவற்றின் பிடரியைச் சிமெண்டிலேயே நேராகக் கோடு கிழித்துக் கறுப்பு அடித்திருந்தார்கள். கோமளாவின் கண் அவளைக் கேட்காமலேயே அதைப் பார்த்து, ரிஜெக்ட் என்று தள்ளிவிட்டு நகர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை என்பதால் கூட்டம் இருந்தது. முடி எடுக்கிற கொட்டகைக்கு முன்னால் சீட்டு கொடுக்கிறவர் மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு கேட்டார்:

“யாருக்கு?”

தணிகாசலம் துண்டை விலக்கிக் காட்டினான். பழுப்புக் குதிரையின் நெற்றி முடி அந்த ஒன்றரை மணி நேரப் பயணத்துக்குள் மூக்குவரைக்கும் வந்திருந்தது.

“முதல் முடியா, வேண்டுதலா?”

“முதல் முடி” என்றான் லோகநாதன்.

“பேரு?”

சீட்டுக்காரர் பேனாவை வைத்தபடியே காத்திருந்தார். அவருக்குப் பின்னால் சாமிக்குப் படைக்க வந்த கோழி ஒன்று காலில் கட்டோடு கத்திக்கொண்டிருந்தது.

“கவிஸ்ரீ” என்றாள் கோமளா. ஆடி மாதத்துக்குப் பிறகு அவள் வாயிலிருந்து அந்தப் பெயர் வந்தது அப்போதுதான். வந்தபோது அது சாதாரணமாக, ரேஷன் கடையில் சொல்வதைப் போல வந்தது.

அவர் எழுதினார். “கொட்டகையில மூணாவது ஆள்கிட்ட போங்க. ஆதிமூலம்னு பேரு. பொறுமையா எடுப்பாரு, குழந்தைங்க பயப்படாது.”

ஆதிமூலம் அறுபது வயதுக்காரர், முட்டிவரைக்கும் மடித்துக் கட்டிய வேட்டியும் வெற்றிலை மெல்லும் வாயுமாகப் பலகையில் உட்கார்ந்திருந்தார். தணிகாசலம் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து குதிரையை மடியில் வைத்து, இரண்டு கையாலும் அதன் விலாவைப் பிடித்துக்கொண்டான். பெரியவர் அதைப் பார்த்துப் புருவத்தைக்கூடத் தூக்கவில்லை. முப்பது வருஷத்தில் அவர் எத்தனையோ தலைகளைப் பார்த்திருந்தார். கிண்ணத்துத் தண்ணீரைத் தொட்டு முடியை நனைத்தார், விரலால் கோதினார், நுனியைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். கோதுவதை நிறுத்தினார்.

“முதல் முடின்னா எழுதியிருக்குது?”

“ஆமாண்ணே.”

“இது கத்தரி பட்ட முடி.” வெற்றிலையை ஒரு கன்னத்துக்குத் தள்ளிக்கொண்டார். “வெட்டினவங்க கைகாரங்க. பார்த்தா தெரியாது. ஆனா பொறந்த முடி நுனி ஊசி மாதிரி இருக்கும், ஒரு வாட்டி கத்தரி பட்டா அந்த ஊசி போயிடும், அப்பறம் எத்தினி மொழம் வளந்தாலும் திரும்ப வராது. விரலுக்குத் தெரியும்.”

“குதிரைய வெட்டாம எப்பிடிண்ணே?” என்றான் தணிகாசலம். “கம்பெனியில அதான வேல. என் தங்கச்சிதான் வெட்டறா.”

“குதிரையப் பத்திக் கேக்கலப்பா. குதிரை சும்மா சொமந்துகினு வந்திருக்குது.” அவர் லோகநாதனைப் பார்த்தார். “குழந்த முடியில கத்தரி படலையே? அத மட்டும் சொல்லுங்க. நான் எடுத்துடறேன்.”

“படல” என்றான் லோகநாதன் உடனே. “கண்ணாட்டம் பாத்துக்கினு இருந்தோம்.”

பெரியவர் தலையை ஆட்டிவிட்டுக் கத்தியை எடுத்தார். புது பிளேடைப் பிரித்துச் சொருகினார். கோமளா அதன் விளிம்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சொல்லாமல் இருப்பதற்கு அவள் எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை. இத்தனை மாதம் நின்றதைப் போல அப்படியே நின்றால் போதும், கத்தி தன் வேலையைச் செய்துவிடும்.

“பட்டுச்சு” என்றாள்.

கத்தி நின்றது.

“நான்தான் வெட்டினேன். ஆனி மாசம். நீங்க ஊட்ல இல்ல.” அவள் லோகநாதனைப் பார்த்துப் பேசவில்லை, அண்ணன் மடியிலிருந்த குதிரையைப் பார்த்துப் பேசினாள். “நெத்தி முடி. நாலு வாட்டி. பத்தாம் நாள் ஜொரம் வந்துச்சு.”

பக்கத்துப் பலகைகளில் முடி இறங்கிக்கொண்டிருந்த சத்தம் மட்டும், காய்ந்த இலையைச் சுரண்டுவதைப் போலக் கேட்டது. லோகநாதன் கொட்டகைத் தூணில் கையை வைத்தான். அவன் நிற்கிற இடத்திலிருந்து வாசல் தெரிந்தது, சிமெண்ட் குதிரைகள் தெரிந்தன, அதற்கு அந்தப் பக்கம் பஸ் நிற்கிற புளியமரம் தெரிந்தது. அவன் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான். கோமளா காத்திருந்தாள், போகிறவனின் முதுகைப் பார்ப்பதற்கு.

“எதுக்கு வெட்டின?” என்றான், திரும்பாமலே.

“கண்ணுல விழுந்துச்சு. கசக்கிகினே இருந்தா. செவந்து போச்சு கண்ணு.”

“கிளிப் போட்டியே.”

“பிடுங்கி வாயில வச்சுக்கறா.”

அவன் இன்னும் கொஞ்ச நேரம் புளியமரத்தைப் பார்த்தான். தூணிலிருந்து கையை எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டான். “ஆமா” என்றான். “கசக்கிகினேதான் இருந்தா. நான் கூடப் பாத்தேன்.” பிறகு, தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறவனைப் போல, “கண்ணுல விழுந்தா வெட்டத்தான் வேணும்” என்றான்.

அவன் வந்து மச்சானுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

ஆதிமூலம் இவர்கள் பேசி முடிக்கும்வரைக்கும் பிளேடைக் கீழ்ப்பக்கமாகப் பிடித்துக்கொண்டு, வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது எச்சிலைத் துப்பிவிட்டு வந்து, முடியை இன்னொரு முறை நனைத்தார். “பெத்தவ கை முதல்ல பட்டுட்டுது. மிச்சத்த நான் எடுக்கறேன். சாமிக்கு அது போதும்” என்றார். அது அவர் அந்த நிமிஷத்தில் செய்த சட்டமா, அந்தக் கோயிலில் உண்மையிலேயே இருந்த வழக்கமா என்று யாரும் கேட்கவில்லை.

நெற்றியிலிருந்து பின்கழுத்து வரைக்கும் கத்தி போனது. முடி ஈரத்தோடு தணிகாசலத்தின் புதுத் துண்டில் விழுந்தது. முடி போன இடத்தில் மெஷின் தைத்த ஓட்டைகள் வரிசை வரிசையாகத் தெரிந்தன, தோண்டி வைத்து இன்னும் நாற்று நடாத குழிகளைப் போல. நவநீதம் கொடுத்த சந்தனத்தைக் கோமளா விரலால் எடுத்து அவற்றின் மேல் பூசினாள், ஒவ்வொரு ஓட்டையும் மூடும்வரை பூசினாள்.

மறுநாள் காலையில் கம்பெனியில் ஒரு தட்டிலும் முடி வளர்ந்திருக்கப் போவதில்லை. ஹேமாவதி ஸ்கேலோடு வந்து நின்று, வளர்ச்சி என்ற கட்டத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு, காலியான மீதி நீலப் பாரங்களை அலமாரிக்கு அடியில் விரித்துப்போடப் போகிறாள். கன்டெய்னர் இரண்டு நாள் தாமதமாகக் கிளம்பும். வேலாயுதம் இன்னும் ஒரு மாதம் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டிருப்பான். லோகநாதன் ரைஸ் மில்லிலிருந்து வந்து கால் கழுவி உட்கார்ந்து, எதுவும் கேட்காமல் இருப்பான். அந்த மௌனத்துக்குப் பழக இரண்டு பேருக்கும் வெகுநாள் ஆகும். ஆனால் அதெல்லாம் பின்னால் நடக்கப்போவது. அப்போது கொட்டகையில் ஆதிமூலம் பலகையைத் துடைத்துவிட்டு, “அடுத்தது யாரு?” என்று கூப்பிட்டார்.

அடுத்தது ஒரு நிஜக் குழந்தை. ஒரு வயதுக்குள்தான் இருக்கும். தாய்மாமன் என்று வந்திருந்தவன் மீசை சரியாக முளைக்காத இளைஞன், மடியில் வைத்த குழந்தையை எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல் விழித்தான். கத்தியைப் பார்த்ததும் குழந்தை உடம்பை வில்லாக வளைத்துக்கொண்டு வீறிட்டது. அந்த அழுகை, இத்தனை மாதம் நடுவில் நின்ற கண்ணாடிக்கு இந்தப் பக்கத்திலிருந்து வந்தது. கோமளாவின் காதுக்குள் நேராக வந்து குத்தியது. அவள் கையிலிருந்த சந்தன டப்பா கீழே விழுந்தது.

“ஆடுது, ஆடுது, தலைய யாராவது புடிங்க” என்றார் ஆதிமூலம். “அறுத்துடும்.”

குழந்தையின் அம்மா கிட்டே வராமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். “என்னால முடியாது, எனக்குப் பயம்” என்றாள். பிறகு பக்கத்தில் நிற்கிறவள் யாரென்று தெரியாமலேயே கோமளாவின் தோளைத் தொட்டாள். “அக்கா, நீங்க கொஞ்சம் புடிங்கக்கா. உங்களுக்குத் தெரியும்போல.”

கோமளாவுக்குத் தெரியும். ஒன்பது வருஷமாக ஒரு நாளைக்கு எழுபத்திரண்டு தலைகளை ஆடாமல் பிடித்த கை. அவள் மண்டியிட்டு உட்கார்ந்து, இரண்டு உள்ளங்கைகளையும் குழந்தையின் காதுகளுக்கு மேலே வைத்து, கட்டைவிரல்களை நெற்றியில் மெல்ல அழுத்தி, பழக்கத்தில் பிடித்தாள். பிடித்த பிறகுதான் அது பிளாஸ்டிக் இல்லை என்பது கைக்குத் தெரிந்தது. உச்சியில் இன்னும் மூடாத இடம் அவள் விரலுக்கு அடியில் துடித்தது. வியர்வை, எண்ணெய், கண்ணீர் எல்லாம் சேர்ந்து ஈரமாக இருந்தது.

தலை சூடாக இருந்தது. காய்ச்சல் சூடு இல்லை, அழுகிற குழந்தையின் சூடு. அந்த இரண்டு சூட்டுக்கும் வித்தியாசம் அவளுக்குத் தெரியும். அவள் கையை எடுக்கவில்லை.

“ஆவுட்டும்ண்ணே” என்றாள், “எடுங்க.”